வீட்டு ஓடை ஊடகக் கருவிகளில் விளம்பரத் தவிர்ப்பு

வீட்டு ஓடை ஊடகக் கருவிகளில் விளம்பரத் தவிர்ப்பு என்பது, இணையம் வழியாக வரும் நிகழ்படங்களைத் தொலைக்காட்சித் திரையில் காட்டும் கருவிகளில், பயனர் கேட்காமலேயே தோன்றும் விளம்பரங்களையும் அவற்றோடு இணைந்த கண்காணிப்பையும் குறைக்கவோ நீக்கவோ கையாளப்படும் முறைகளைக் குறிக்கும். திறன் தொலைக்காட்சிகள், தொலைக்காட்சியில் செருகப்படும் ஸ்டிக்குகள், இணைய வசதியுள்ள செட்-டாப் பாக்ஸ்கள் ஆகியன இக்கருவிகளுள் அடங்கும். இம்முறைகளுள் பெரும்பாலானவை கட்டற்ற அல்லது திறந்த மூல மென்பொருட்களைச் சார்ந்துள்ளன. கோடி, லிப்ரெயெலெக், ஜெல்லிஃபின், பை-ஹோல் ஆகியவை அவற்றுள் பரவலாக அறியப்பட்டவை.

நிகழ்ச்சியின் இடையே வரும் விளம்பரமும், கருவியின் முகப்புத் திரையில் வரும் விளம்பரமும் ஒன்றல்ல. முதலாவது, நிகழ்ச்சியைத் தருபவர் அதற்கான செலவை ஈட்டும் வழியாகும். இரண்டாவது, பயனர் விலை கொடுத்து வாங்கிவிட்ட பொருளின் மேல், விற்பனைக்குப் பின்னர் ஏற்றப்படுவதாகும். திறந்த மூல மாற்றுகள் முதல் வகையில் ஓரளவே பயன்படுகின்றன. இரண்டாம் வகையில் மிகுதியும் பயன்படுகின்றன.

விளம்பரங்களின் வகைகள்

ஓடை ஊடகக் கருவிகளில் காணப்படும் விளம்பரங்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* முகப்பு விளம்பரங்கள்: கருவியை இயக்கியதும் தோன்றும் முதல் திரையில் இடம்பெறும் பெரிய படங்கள், தாமாக ஓடும் நிகழ்படங்கள், "பரிந்துரை" என்னும் பெயரில் வரும் கட்டண வரிசைகள்.
* இடைவெளி விளம்பரங்கள்: நிகழ்படத்தை நிறுத்தி வைக்கும்போதும், கருவி சற்று நேரம் வாளாவிருக்கும்போதும் திரையை நிரப்புபவை.
* ஓடையினுள் வரும் விளம்பரங்கள்: நிகழ்படத்திற்கு முன்னும் இடையிலும் ஓடுபவை.
* ரிமோட் பொத்தான்கள்: குறிப்பிட்ட சேவைகளுக்கென ஒதுக்கப்பட்ட பொத்தான்கள். இவை மென்பொருள் விளம்பரம் அல்லவெனினும் அதே வணிக முறையைச் சேர்ந்தவை.

இவற்றுடன் தன்னியக்க உள்ளடக்க அறிதல் என்னும் நுட்பமும் இணைந்து செயல்படுகிறது. திரையில் ஓடும் படத்திலிருந்தும் ஒலியிலிருந்தும் சிறு கூறுகளைத் தொலைக்காட்சி அவ்வப்போது எடுத்து, அவற்றை ஒரு கைரேகை போல மாற்றி நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்புகிறது. அங்குள்ள தரவுத்தளத்துடன் ஒப்பிட்டு, அவ்வீட்டில் எந்த நிகழ்ச்சி எந்நேரத்தில் பார்க்கப்படுகிறது என்பது அறியப்படுகிறது. எச்.டி.எம்.ஐ கம்பி வழியாக வேறு கருவியிலிருந்து வரும் படத்தையும் இந்நுட்பம் இனங்காண வல்லது.

காரணங்கள்

திறன் தொலைக்காட்சிகளின் விற்பனையில் கிடைக்கும் இலாபம் குறைவாக உள்ளது. விற்ற பின்னர் விளம்பரம், பயனர் தரவு, சேவைகளிலிருந்து பெறும் பங்கு ஆகியவற்றால் தொடர்ந்து வருவாய் கிடைக்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் விசியோ நிறுவனம் 2021-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் அறிவித்த கணக்கின்படி, விளம்பரமும் தரவும் சார்ந்த பிரிவின் மொத்த இலாபம், தொலைக்காட்சி முதலிய கருவிகளை விற்றதில் கிடைத்த மொத்த இலாபத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. எனவே கருவி குறைந்த விலைக்கு விற்கப்படுவதும், பின்னர் அதன் திரை விளம்பரப் பலகையாக மாறுவதும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாகும்.

இதே நிறுவனம், சுமார் 1 கோடியே 10 இலட்சம் தொலைக்காட்சிகளிலிருந்து உரிய ஒப்புதலின்றிப் பார்வைத் தரவுகளைத் திரட்டியது என்னும் வழக்கில், 2017-ஆம் ஆண்டு 22 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. டெக்சாசு மாநிலத் தலைமை வழக்கறிஞர் டிசம்பர் 2025-இல் சாம்சங், சோனி, எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் ஆகிய ஐந்து நிறுவனங்கள் மீது இதே நுட்பம் தொடர்பாக வழக்குத் தொடுத்தார்.

வாங்கிய பின்னர் விளம்பரம் சேர்க்கப்பட்ட நிகழ்வுகளும் உள்ளன. 2019-ஆம் ஆண்டு ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிகள் சிலவற்றின் முகப்பில் கட்டண வரிசை ஒன்று முன்னோட்டமாகச் சேர்க்கப்பட்டது. ஜூன் 2021-இல் என்விடியா ஷீல்டு கருவியின் முகப்பு, இற்றைப்படுத்தலுக்குப் பின் பெரிய விளம்பரப் படங்களைக் காட்டத் தொடங்கியது. வாங்கியபோது இல்லாதது பின்னர் வந்ததைக் கண்டித்துப் பயனர்கள் அம்முகப்பு மென்பொருளுக்கு மிகக் குறைந்த மதிப்பெண்களை இட்டனர். 2023-ஆம் ஆண்டின் இறுதியில் அமேசான் ஃபயர் டிவி கருவிகளில், இயக்கியவுடன் முழுத்திரை நிகழ்பட விளம்பரம் தானாக ஓடும் முறை அறிமுகமானது.

வரலாறு

விளம்பரத்தைத் தவிர்க்கும் முயற்சி ஓடை ஊடகத்திற்கு முற்பட்டது. நிகழ்படப் பதிவுக் கருவிகள் வீடுகளுக்கு வந்தபோதே, பதிவு செய்த நிகழ்ச்சியை வேறொரு நேரத்தில் பார்ப்பதும், விளம்பரங்களை விரைவாக ஓட்டிக் கடப்பதும் வழக்கமாயின. வீட்டில் பின்னர் பார்ப்பதற்காகப் பதிவு செய்தல் நியாயமான பயன்பாடே என ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-ஆம் ஆண்டு சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் கருவி தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது.

1999-ஆம் ஆண்டில் வன்தட்டில் பதிவு செய்யும் டிவோ, ரிப்ளே டிவி ஆகிய கருவிகள் வெளிவந்தன. ரிப்ளே டிவியின் பிந்தைய வகையொன்று விளம்பரங்களைத் தானாகவே தாண்டிச் சென்றது. இதனை எதிர்த்துத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனங்கள் 2001-இல் வழக்குத் தொடுத்தன. தயாரிப்பாளரான சோனிக்புளூ நிறுவனம் 2003-இல் திவாலானது. அதன்பின் வெளிவந்த ரிப்ளே டிவிகளில் அவ்வசதி நீக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தைச் சார்ந்த வசதி, அந்நிறுவனத்தோடு மறைந்துவிடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

டிவோ கருவி வேறொரு விவாதத்திற்கு வித்திட்டது. அது லினக்ஸ் கருவைக் கொண்டு இயங்கியது. உரிமத்தின்படி மூலநிரலும் வெளியிடப்பட்டது. எனினும் பயனர் மாற்றியமைத்த மென்பொருளை அக்கருவி இயக்க மறுத்தது. நிரல் கட்டற்றதாக இருந்தும் கருவி கட்டுண்டதாக இருக்கும் இந்நிலையை ரிச்சர்டு ஸ்டால்மன் "டிவோவாக்கம்" என அழைத்தார். ஜூன் 2007-இல் வெளியான குனூ பொதுமக்கள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் இதனைத் தடுக்கும் விதிகள் சேர்க்கப்பட்டன. லினக்ஸ் கரு இரண்டாம் பதிப்பிலேயே தொடர்வதால், அதனைப் பயன்படுத்தும் தொலைக்காட்சிகளுக்கு இவ்விதி பொருந்துவதில்லை. மென்பொருள் சுதந்திரக் காப்பகம் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு, தொலைக்காட்சியில் பயன்படுத்தப்பட்ட கட்டற்ற மென்பொருட்களின் மூலநிரலைக் கோரி, நுகர்வோர் என்னும் நிலையில் நின்று, விசியோ மீது அக்டோபர் 2021-இல் வழக்குத் தொடுத்தது.

தனி நிறுவனம் எதனையும் சாராத மாற்றுகள் இதே காலத்தில் வளர்ந்தன.

* மித்டிவி (2002): கணினியைத் தொலைக்காட்சிப் பதிவுக் கருவியாக்கும் மென்பொருள். கருந்திரை, அலைவரிசைச் சின்னம் மறைதல் முதலிய குறிகளைக் கொண்டு விளம்பரப் பகுதிகளைக் கண்டறியும்.
* எக்ஸ்பிஎம்சி: எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியில் நிகழ்படம் பார்ப்பதற்காக 2002–2003 காலப்பகுதியில் தோன்றியது. பின்னர் பிற இயங்குதளங்களுக்கும் விரிந்து, 2014-ஆம் ஆண்டு கோடி எனப் பெயர் மாறியது. இப்பெயருக்கும் தமிழ் எண்ணுப்பெயரான கோடிக்கும் தொடர்பில்லை. வணிக மென்பொருளான பிளெக்ஸ் 2008-இல் இதிலிருந்தே கிளைத்தது.
* லிப்ரெயெலெக் (2016): ஓப்பன்எலெக் திட்டத்திலிருந்து பிரிந்தது. கோடியை இயக்குவதற்குத் தேவையான அளவு மட்டுமே கொண்ட சிறிய லினக்ஸ் வழங்கல்.
* ஜெல்லிஃபின் (2018): எம்பி என்னும் ஊடக வழங்கி மென்பொருள் மூடிய மூலத்திற்கு மாறியபோது, அதன் இறுதித் திறந்த பதிப்பிலிருந்து தன்னார்வலர்கள் தொடங்கியது.

தவிர்க்கும் முறைகள்

எளியது முதல் கடினமானது வரை இம்முறைகள் பின்வருமாறு வரிசைப்படுகின்றன. முன்னதைச் செய்தபின் பின்னதற்குச் செல்வது வழக்கம்.

கருவியின் அமைப்புகளை மாற்றுதல்

எம்மென்பொருளும் நிறுவாமல் செய்யக்கூடியது இது. கூகுள் டிவி கருவிகளில் "செயலிகள் மட்டும்" என்னும் நிலை உள்ளது. இதனைத் தெரிவு செய்தால் முகப்பின் பரிந்துரைகள் பெரும்பாலும் மறையும். ஃபயர் டிவியில் முகப்பு நிகழ்படங்கள் தாமாக ஓடுவதையும் ஒலியெழுப்புவதையும் நிறுத்த இயலும். விருப்பம் சார்ந்த விளம்பரங்களை மறுத்தல், விளம்பர அடையாள எண்ணை நீக்குதல், உள்ளடக்க அறிதலை அணைத்தல் ஆகியன பிற அமைப்புகளாகும். கடைசியாகக் கூறப்பட்டது ஒவ்வொரு தயாரிப்பிலும் வெவ்வேறு பெயரில், பெரும்பாலும் சட்ட விதிமுறைகள் அல்லது தனியுரிமை என்னும் பகுதிக்குள் இருக்கும். இற்றைப்படுத்தலுக்குப் பின் இவ்வமைப்புகள் மாறியுள்ளனவா எனச் சரிபார்ப்பது நன்று.

முகப்பு மென்பொருளை மாற்றுதல்

ஆண்ட்ராய்டைச் சார்ந்த கருவிகளில் முகப்புத் திரையும் ஒரு செயலியே ஆகும். எஃப்லாஞ்சர் போன்ற திறந்த மூல முகப்பு, நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலை மட்டும் காட்டுகிறது; விளம்பர வரிசைகள் அதில் இல்லை. ரிமோட்டின் முகப்புப் பொத்தான் மீண்டும் பழைய திரையையே கொண்டுவராமலிருக்க, கணினியிலிருந்து ஏடிபி என்னும் கருவியால் இயல்பு முகப்பை முடக்க வேண்டியிருக்கலாம். புதிய முகப்பு சரியாக இயங்குவதை உறுதி செய்யாமல் பழையதை முடக்கினால், கருவி வெற்றுத் திரையோடு நின்றுவிடக் கூடும்.

ஆள்களப் பெயர் வடிகட்டி

ஒரு கருவி இணையத்தில் எதனை அணுகினாலும், முதலில் அத்தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருமாறு டி.என்.எஸ் வழங்கியைக் கேட்கிறது. 2015-ஆம் ஆண்டு வெளிவந்த பை-ஹோல், இந்த வழங்கியின் இடத்தை வீட்டிற்குள்ளேயே எடுத்துக்கொள்கிறது. கேட்கப்படும் பெயர் விளம்பர, கண்காணிப்பு வழங்கிகளின் பட்டியலில் இருந்தால், 0.0.0.0 என்னும் பயனற்ற முகவரியை விடையாகத் தருகிறது. இதனால் அவ்விளம்பரம் தரவிறக்கப்படுவதே இல்லை. அட்கார்டு ஹோம் என்பதும் இவ்வகை மென்பொருளாகும்.

பை-ஹோல் ஒரு ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலோ பழைய கணினியிலோ இயங்கும். 512 எம்பி நினைவகம் போதுமானது. வீட்டின் ரூட்டரில் டி.என்.எஸ் முகவரியாக அதனைக் குறித்துவிட்டால், தொலைக்காட்சி, கைபேசி, மடிக்கணினி என எல்லாக் கருவிகளுக்கும் வடிகட்டல் கிடைக்கிறது. தொலைக்காட்சியினுள் எதனையும் நிறுவத் தேவையில்லை என்பது இதன் சிறப்பு. எந்தக் கருவி எத்தனை முறை எவ்விடத்தைத் தொடர்பு கொள்கிறது என்னும் பதிவையும் இது காட்டுகிறது. யாரும் பார்க்காத வேளையிலும் தொலைக்காட்சி வெளித்தொடர்பு கொள்வதைப் பயனர் இதன்வழி நேரில் காணலாம்.

இம்முறைக்குத் தெளிவான எல்லைகள் உண்டு. யூடியூப் போன்ற சேவைகளில் விளம்பரமும் நிகழ்படமும் ஒரே ஆள்களப் பெயரிலிருந்து வருவதால், ஒன்றைத் தடுத்தால் மற்றதும் நின்றுவிடும். சில கருவிகள் ரூட்டர் கூறும் வழங்கியைப் பொருட்படுத்தாமல் 8.8.8.8 போன்ற வெளி முகவரியையே கேட்கின்றன. அவற்றை ரூட்டரின் தீச்சுவர் விதிகளால் திருப்ப வேண்டும். மறையாக்கப்பட்ட டி.என்.எஸ் பயன்படுத்தும் செயலிகளை அவ்வாறு திருப்புவதும் கடினம். மிகுதியான பட்டியல்களைச் சேர்த்தால் தேவையான சேவைகளும் தடைபடும்.

தனிக் கருவி அமைத்தல்

தொலைக்காட்சியின் சொந்த மென்பொருளைக் கைவிட்டு, அதனை வெறும் திரையாக மட்டும் பயன்படுத்துவது அடுத்த முறை. ராஸ்பெரி பை கணினியில் நினைவட்டை வழியாக லிப்ரெயெலெக்கை நிறுவி, எச்.டி.எம்.ஐ கம்பியால் தொலைக்காட்சியுடன் இணைத்தால், இயக்கியவுடன் கோடி தோன்றும். சி.இ.சி என்னும் வசதியுள்ள தொலைக்காட்சியின் ரிமோட்டே கோடியையும் இயக்கும். ஓ.எஸ்.எம்.சி என்னும் டெபியன் சார்ந்த வழங்கலும் இதே பணிக்கு உதவும்.

இவ்வாறு செய்யும்போது தொலைக்காட்சியை வீட்டு இணையத்திலிருந்து துண்டித்துவிட வேண்டும். இல்லையெனில், எச்.டி.எம்.ஐ வழி வரும் படத்தையும் உள்ளடக்க அறிதல் தொடர்ந்து கவனிக்கக்கூடும்.

கோடி தானாக எந்த நிகழ்ச்சியையும் தருவதில்லை. பயனரின் கோப்புகளையும், அவர் சேர்க்கும் துணைநிரல்களின் வழிக் கிடைப்பவற்றையும் மட்டுமே காட்டுகிறது. கோடிக்குத் தமிழ் இடைமுகம் உள்ளது. பழைய பதிப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறித் தமிழ் எழுத்துக்கள் சிதைந்து தோன்றின. ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்து வடிவமைப்பு நூலகம் சேர்க்கப்பட்ட பின் இக்குறை நீங்கியது.

சொந்த ஊடக வழங்கி

வீட்டிலுள்ள படங்கள், இசை, குடும்ப நிகழ்படங்கள் ஆகியவற்றை ஒரு கணினியில் சேர்த்து, வீட்டின் எல்லாத் திரைகளுக்கும் ஓடையாக அனுப்புவது ஊடக வழங்கியின் பணி. ஜெல்லிஃபின் இப்பணியை எந்த வெளி வழங்கியிலும் கணக்குத் தொடங்காமல் செய்கிறது. ஆண்ட்ராய்டு டிவி, ஃபயர் டிவி, ரோக்கு, எல்ஜி வெப்ஓஎஸ் ஆகியவற்றிற்கான செயலிகள் இதற்கு உள்ளன. ஒளிபரப்பு அலைவரிசைகளைப் பெற்றுப் பதிவு செய்ய டிவிஹெட்எண்ட் என்னும் மென்பொருள் பயன்படுகிறது. உரிய ஏற்பி அட்டை இருந்தால், தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் சேவையில் மறையாக்கமின்றி வரும் அலைவரிசைகளையும் இவ்வாறு பெறலாம்.

முக்கிய மென்பொருட்களும் உரிமங்களும்

* கோடி – நிகழ்பட இயக்கி – குனூ பொதுமக்கள் உரிமம் 2 அல்லது பிந்தையது
* லிப்ரெயெலெக் – கோடிக்கான இயங்குதளம் – குனூ பொதுமக்கள் உரிமம் 2
* ஜெல்லிஃபின் – ஊடக வழங்கி – குனூ பொதுமக்கள் உரிமம் 2
* டிவிஹெட்எண்ட் – ஒளிபரப்புப் பதிவு – குனூ பொதுமக்கள் உரிமம் 3
* அட்கார்டு ஹோம் – ஆள்களப் பெயர் வடிகட்டி – குனூ பொதுமக்கள் உரிமம் 3
* பை-ஹோல் – ஆள்களப் பெயர் வடிகட்டி – ஐரோப்பிய ஒன்றியப் பொது உரிமம்
* எஃப்லாஞ்சர் – ஆண்ட்ராய்டு டிவி முகப்பு – குனூ பொதுமக்கள் உரிமம் 3

எல்லைகளும் இடர்களும்

எண்முறை உரிமை மேலாண்மை: கட்டணச் சேவைகள் தம் நிகழ்படங்களை வைட்வைன் போன்ற பூட்டு நுட்பங்களால் காக்கின்றன. இதன் உயர்ந்த நிலை, சான்றளிக்கப்பட்ட வன்பொருளில் மட்டுமே இயங்கும். எனவே பயனர் தாமே அமைத்த கருவியில், சந்தா செலுத்தியிருந்தும், பல சேவைகள் குறைந்த தெளிவிலேயே ஓடுகின்றன அல்லது ஓடுவதில்லை. இக்காரணத்தால் பல வீடுகளில் இரு கருவிகளும் அருகருகே பயன்படுத்தப்படுகின்றன.

வழங்கிப்பக்கச் செருகல்: விளம்பரத்தை நிகழ்படத்தோடு வழங்கியிலேயே தைத்து ஒரே ஓடையாக அனுப்பும் முறை இது. இவ்வாறு வருவதை வீட்டிலுள்ள வடிகட்டியால் பிரித்தறிய இயலாது. நேரடி விளையாட்டு ஒளிபரப்புகளில் இம்முறை பெரிதும் கையாளப்படுகிறது.

பாதுகாப்பு: அதிகாரபூர்வக் களஞ்சியத்திற்கு வெளியிலிருந்து செயலி நிறுவும்போது, அதனை நம்பும் பொறுப்பு பயனருக்கு வந்து சேர்கிறது. யூடியூபை விளம்பரமின்றிக் காட்டும் ஸ்மார்ட்டியூப் செயலியின் கையொப்பச் சாவி 2025-ஆம் ஆண்டின் இறுதியில் திருடப்பட்டு, தீங்கு நிரல் கலந்த பதிப்பு பயனர்களைச் சென்றடைந்தது. அதனை உருவாக்கியவர் புதிய சாவியுடன் செயலியை மீண்டும் வெளியிட நேர்ந்தது. மூலநிரலைக் காண முடிவது மட்டுமே பாதுகாப்பு ஆகாது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

மலிவுப் பெட்டிகள்: "எல்லா அலைவரிசையும் இலவசம்" எனக் கூறி விற்கப்படும் சான்றளிக்கப்படாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் திறந்த மூல மாற்றுகள் ஆகா. பேட்பாக்ஸ் 2.0 என்னும் தீங்கு நிரல் வலையில் இத்தகைய கருவிகள் 1 கோடிக்கும் மேல் சிக்கியிருந்ததாகக் கூறி, ஜூலை 2025-இல் கூகுள் அதனை இயக்கியவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. திருட்டுத்தனமான துணைநிரல்களுடன் கோடியை முன்நிறுவி விற்போர் தம் பெயரைக் கெடுப்பதாகக் கோடி திட்டத்தினரும் பலமுறை கண்டித்துள்ளனர்.

மூடப்படும் கருவிகள்: 2025-ஆம் ஆண்டு அமேசான் வெளியிட்ட ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட், ஆண்ட்ராய்டுக்கு மாறாக வேகா என்னும் இயங்குதளத்தைக் கொண்டுள்ளது. அதில் வெளியிலிருந்து பயனர் செயலி நிறுவ இயலாது. வாங்கும் முன்னரே இதனை அறிந்துகொள்வது தேவையாகிறது.

இந்தியாவில்

இந்தியாவில் தொலைக்காட்சி அலைவரிசைகளில் மணிக்கு 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் இடம்பெறக் கூடாது என 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள் கூறுகின்றன. இவற்றுள் 10 நிமிடம் வணிக விளம்பரத்திற்கும் 2 நிமிடம் அலைவரிசையின் தன் விளம்பரத்திற்கும் உரியவை. இவ்வரம்பு ஓடை சேவைகளுக்கோ, கருவியின் முகப்புத் திரைக்கோ பொருந்துவதில்லை. அமேசான் பிரைம் வீடியோ 17 ஜூன் 2025 முதல் இந்தியாவில் சந்தாதாரர்களுக்கும் விளம்பரம் காட்டத் தொடங்கியது. அதனைத் தவிர்க்கக் கூடுதல் கட்டணம் ஏற்படுத்தப்பட்டது.

கருவியின் மென்பொருள் யாருடைய தெரிவு என்னும் கேள்வி இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வந்தது. ஆண்ட்ராய்டு தொலைக்காட்சி தயாரிப்போர் கூகுளின் செயலித் தொகுதி முழுவதையும் முன்நிறுவ வேண்டும், ஆண்ட்ராய்டிலிருந்து கிளைத்த மாற்று இயங்குதளங்களைக் கையாளக் கூடாது என்னும் ஒப்பந்த விதிகள் குறித்து, ஜூன் 2021-இல் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. ஏப்ரல் 2025-இல் 20.24 கோடி ரூபாய் செலுத்தியும், இந்தியாவுக்கெனத் தனி உரிம ஒப்பந்தம் வழங்க உடன்பட்டும் கூகுள் அவ்வழக்கைத் தீர்த்துக்கொண்டது. இதன்படி தயாரிப்பாளர்கள் பிளே ஸ்டோரை மட்டும் தனியாகப் பெறவும், மாற்று இயங்குதளம் கொண்ட தொலைக்காட்சிகளையும் விற்கவும் வழி ஏற்பட்டது.

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 65அ பிரிவு, உரிமை மீறும் நோக்குடன் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். முகப்பை மாற்றுவதோ வீட்டு வலையமைப்பில் பெயர் வடிகட்டுவதோ பூட்டை உடைப்பதாகாது. எனினும் ஒரு சேவையின் ஒப்பந்த விதிகள் விளம்பரத் தடுப்பைத் தனியே தடைசெய்திருக்கலாம். தனிநபர் தரவுகளைத் திரட்ட ஒப்புதல் வேண்டும் எனக் கூறும் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ஆம் ஆண்டு நிறைவேறியது. அதன் விதிகள் நவம்பர் 2025-இல் அறிவிக்கப்பட்டன.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இம்முறைகளுக்கு வேண்டிய வன்பொருள் பல வீடுகளில் முன்னரே உள்ளது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், விண்டோசுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது டெபியனைச் சார்ந்து, சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய இயங்குதளமாகும். படிப்பு முடிந்து ஒதுக்கி வைக்கப்பட்ட அத்தகைய மடிக்கணினி, மின்கலம் பழுதடைந்திருந்தாலும், பை-ஹோல் இயக்கப் போதுமானது; எச்.டி.எம்.ஐ துளை இருப்பின் கோடியையும் இயக்கலாம். மிகப் பழைய செயலகங்களில் உயர்தெளிவுப் படங்கள் தடங்கலுடன் ஓடக்கூடும்.

கட்டற்ற மென்பொருள் பரவலில் சென்னை லினக்ஸ் பயனர் குழு, தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, விழுப்புரம் குனூ/லினக்ஸ் பயனர் குழு ஆகியன பங்காற்றுகின்றன. கணியம் மின்னிதழ் 2012-ஆம் ஆண்டு முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் கட்டுரைகளை வெளியிட்டு வருகிறது. விழுப்புரத்தை அடுத்த கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி, இம்மென்பொருட்களின் பயனை எடுத்துக்காட்டும் வகையான ஊராகும். 1956-இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் ஊழியர்களுக்காக, எண்ணிடப்பட்ட வட்டங்களாக இந்நகரியம் அமைக்கப்பட்டது. சுரங்கமும் அனல் மின் நிலையமும் இரவு பகலாக முறைப்பணியில் இயங்குகின்றன. முறைப்பணி செய்வோருக்கு ஒளிபரப்பு நேரம் ஒத்துவருவதில்லை. பதிவு செய்து பின்னர் பார்ப்பது அவர்களுக்கு வசதி மட்டுமன்றித் தேவையும் ஆகும். இரவு முறை முடித்து ஒருவர் பகலில் உறங்கும் வீட்டில், கருவியை இயக்கியதும் உரத்த ஒலியுடன் ஓடும் முகப்பு விளம்பரம் சிறு தொல்லையன்று. மேலும் நிறுவனக் குடியிருப்பைப் பணி ஓய்வின்போது திருப்பித் தர வேண்டியிருப்பதால், சுவரையும் கம்பிகளையும் மாற்றாமல் எடுத்துச் செல்லத்தக்க சிறு கருவிகள் இத்தகைய வீடுகளுக்குப் பொருந்துகின்றன.

விவாதங்கள்

விளம்பரத் தவிர்ப்பை எதிர்ப்போர், இலவச நிகழ்ச்சிகளின் செலவை விளம்பரமே தாங்குகிறது என்கின்றனர். தமிழில் இயங்கும் சிறு யூடியூப் அலைவரிசைகளுக்கு விளம்பரப் பங்கே முதன்மை வருவாயாக இருக்கலாம். அதனைத் தடுப்பது பெருநிறுவனத்தைவிடப் படைப்பாளரையே மிகுதியும் பாதிக்கும் என்பது அவர்கள் வாதம். விளம்பரமற்ற கட்டணச் சந்தா, படைப்பாளருக்கு நேரடி நன்கொடை ஆகியன இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுகின்றன. யூடியூப் பிரீமியம் இந்தியாவில் மார்ச் 2019 முதல் கிடைக்கிறது.

ஆதரிப்போர், கருவி வாங்கியவருடையது, அதில் எது இயங்க வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும் என்கின்றனர். முகப்பு விளம்பரத்தின் வருவாய் எந்தப் படைப்பாளருக்கும் செல்வதில்லை என்பதையும், கண்காணிப்பு குழந்தைகள் உள்ளிட்ட முழுக் குடும்பத்தின் பழக்கங்களையும் பதிவு செய்கிறது என்பதையும் அவர்கள் சுட்டுகின்றனர்.

நீதிமன்றங்களின் நிலைப்பாடும் முடிந்த முடிவாக இல்லை. செருமனியின் கூட்டாட்சி நீதிமன்றம் ஏப்ரல் 2018-இல் உலாவிகளின் விளம்பரத் தடுப்பான் சட்டப்படி ஏற்கத்தக்கது என்றது. அதே நீதிமன்றம் ஜூலை 2025-இல், வலைப்பக்கத்தின் நிரலை அத்தடுப்பான் மாற்றுவது பதிப்புரிமையை மீறுவதா என்னும் கேள்வியை மீண்டும் ஆராயுமாறு கீழ் நீதிமன்றத்திற்கு அனுப்பியது.

இவற்றையும் பார்க்க

* கட்டற்ற மென்பொருள்
* குனூ பொதுமக்கள் உரிமம்
* ஆள்களப் பெயர் முறைமை
* எண்முறை உரிமை மேலாண்மை
* ராஸ்பெரி பை
* பாஸ் லினக்ஸ்
* நெய்வேலி